வலி பூஜ்யம், விளக்கு பச்சை

என் பெயருக்கு நேரே 'வலி: பூஜ்யம்' என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான், சின்னப் பிள்ளை ஊதினால்கூட விழுந்துவிடக்கூடிய ஒரு ரெட்டை, கேரமின் சிவப்புக் காயினை, நான் தவறவிட்டேன்.

வியாசர்பாடிக்கு வந்து கேரம் பியூலா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். மாநிலப் பட்டம் வாங்கியவள். என்னோடு ஆடித் தோற்ற ஆம்பளைகள் இன்றைக்கும் தெருவில் என்னைப் பார்த்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட நான், பாக்கெட்டின் வாயிலேயே உட்கார்ந்திருந்த ரெட்டை விட்டுவிட்டு, சுண்டுகிற ஸ்ட்ரைக்கரையே உள்ளே போட்டேன்.

எதிரே ஆடியவர் என் வீட்டுக்காரர் சற்குணம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கேரமில் அவர் என்னை ஒருநாளும் ஜெயித்ததில்லை.

"ஃபவுலு!" என்று குதித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனார். "இன்னா பியூலா, வேணும்னே வுட்டியா?"

"கை வழுக்கிட்ச்சு."

பொய். கை வழுக்கவில்லை. ஸ்ட்ரைக்கரை என் விரல் தொட்டதா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. தொட்டது என்று கண் சொன்னது, நம்பிச் சுண்டினேன். அவ்வளவுதான்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். என் சினைப்பையில் வந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். போனது என்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினோம். ஒரு கிறிஸ்துமஸ் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டது. "இனிமே இதை முழுசா விரட்டுறதைப் பத்திப் பேச வேண்டாம் பியூலாம்மா. இதோட வாழுறதைப் பத்திப் பேசலாம். நிறைய நாள் வாழலாம்" என்றார் டாக்டர் நப்பின்னை. சின்ன வயசு டாக்டர்தான், ஆனால் பூசி மெழுகமாட்டார். சரி, வாழலாம் என்றேன். கட்டியைப் பார்த்து நான் பயப்படவில்லை. என்னைப் படுக்கவைத்தது கட்டியே இல்லை, கட்டிக்குக் கொடுத்த மருந்து.

அந்த மருந்து நரம்பைத் தின்னும். டிரிப்ஸ் ஏற ஏற, விரல் நுனியிலும் உள்ளங்காலிலும் எரிச்சல். செருப்புக்குள் யாரோ அடுப்புக் கங்கைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கும். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் ஊசி. ஜாக்கெட் கொக்கி போட முடியாது. வாயெல்லாம் புண், கஞ்சி குடித்தாலும் கண்ணில் தண்ணீர் வரும். ஒருநாள் தலையணையைக் கடித்துக் கிழித்தேன். சற்குணம் சத்தம் போடாமல் பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு கௌசிக் வந்தான். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். அவன் கம்பெனி ஒரு கருவி செய்திருந்தது. பெயர் 'சாந்தம்'. வார்டில் நாங்கள் வைத்த பெயர் பிளாஸ்திரி. ரெண்டு விரல் அகலம், பிடரியில் ஒட்டிக்கொள்ள வேண்டியது.

"வலிங்கறது ஒரு சேதி, ஆன்ட்டி" என்றான். "விரல்லேருந்து கிளம்பி மூளைக்குப் போகுது. இது கழுத்துகிட்ட நின்னு அந்தச் சேதியை மடக்கிடும். மூளைக்குச் சேதி போகலைன்னா வலியே இல்லை."

"மடக்கின சேதி இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாது. அங்கேயே கலைஞ்சுடும்."

"அது எப்டி தம்பி? தபால்காரனைத் தெருமுனையிலயே மடக்கிட்டா, வீட்ல இருக்கறவங்க லெட்டர் எழுதாமயா இருப்பாங்க?"

சிரித்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எங்கம்மா கடைசி மாசம் பூரா கத்திக்கிட்டே இருந்தாங்க ஆன்ட்டி. நான் பக்கத்து ரூம்ல காதைப் பொத்திக்கிட்டுப் பரீட்சைக்குப் படிச்சேன். இன்னொரு வீட்ல அப்படி நடக்கக் கூடாது. அதான் இதைச் செஞ்சேன்."

ஒட்டினான். அரைமணி நேரத்தில் எரிச்சல் நின்றது. கல்லைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்த கயிறு அறுந்த மாதிரி என் தோள் தானாகத் தளர்ந்தது. அந்தப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். இன்றைக்கும் அவன்மேல் எனக்கு அந்த நன்றி உண்டு. வலி என்னமோ பெரிய தவம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வலி ஒரு சனியன். போனதே என்று கும்பிட்டேன்.

டிரிப்ஸுக்கும் பரிசோதனைக்கும் நாங்கள் வந்து போகும் வார்டே மாறிப்போனது. முனகல் இல்லை, அழுகை இல்லை. சுவரில் ஒரு பெரிய திரை, அதில் எங்கள் எல்லோர் பெயரும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை விளக்கும் பூஜ்யமும். பார்க்கிறவர்களெல்லாம் பாராட்டினார்கள். யாருமே அழாத வார்டுக்கு எதற்கு இத்தனை நர்ஸ் என்று மேலே இருப்பவர்களுக்குத் தோன்றியது. பாதிப் பேரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். வந்து நின்று "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

விரல் மட்டும் மரத்துப்போயிருந்தது. "பிளாஸ்திரி போட்டா அப்படித்தான் இருக்கும்" என்று எங்களுக்குள் நாங்களே சொல்லிக்கொண்டோம். உள்ளங்கை சிவந்து தோல் தடித்தபோது, சூட்டுக்கு நல்லது என்று வார்டு பூராவும் மருதாணி இட்டுக்கொண்டோம். எனக்கு இட்டுவிட்டது மெகருன்னிசா. மூலக்கடையில் பஜ்ஜிக் கடை வைத்திருப்பவள், பக்கத்துக் கட்டில்காரி, வாயாடி. கை பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எந்தச் சிவப்பு மருதாணியால் வந்தது, எந்தச் சிவப்பு மருந்தால் வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்லமுடியாதபடி நாங்களே மூடிவைத்தோம். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்.

நான் ரெட்டைத் தவறவிட்ட மறுநாள் மெகருன்னிசா வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"சட்டி ஓரத்துல கை வெச்சுட்டேன் க்கா. எனக்குத் தெர்ல. ஏதோ கருகுற வாசனை வருதேன்னு பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுக்கினு நிக்கிறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "கஸ்டமர்தான் கத்துறாரு. எனக்கு ஒண்ணுமே வலிக்கில க்கா. அல்லா புண்ணியம்."

திரையைப் பார்த்தேன். மெகருன்னிசா, வலி பூஜ்யம், பச்சை.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்திரியைப் பிய்த்தேன். சற்குணம் ஓடிவந்தார்.

"பைத்தியமா உனக்கு? தலவாணியைக் கடிச்சதெல்லாம் மறந்துட்ச்சா?"

"இருய்யா. ஒண்ணு பார்க்கணும்."

எரிச்சல் வந்தது. வராமல் எங்கே போகும்? முன்னைவிடப் பலமாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்ட்ரைக்கரை விரல்மேல் வைக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெச்சுட்டியா?"

"வெச்சு எவ்ளோ நேரம் ஆவுது" என்றார்.

எரிச்சல் இருக்கிறது, தொடுவது தெரியவில்லை. பிளாஸ்திரியை எடுத்தபிறகும் மரப்பு போகவில்லை. அப்படியானால் மரத்துப்போகவைத்தது பிளாஸ்திரி இல்லை. உள்ளே நரம்பு செத்துக்கொண்டிருந்தது. அது சாகும்போது போட்ட கூச்சலைத்தான் யாரோ வழியில் மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

நேராக டாக்டர் நப்பின்னையிடம் போனேன். அவர் என் விரலைத் தொட்டார், ஊசி முனையால் குத்திப் பார்த்தார், முகம் வெளுத்துப்போனார்.

"இவ்வளவு ஆனதுக்கு எப்பவோ நான் மருந்தோட அளவைக் குறைச்சிருக்கணும் பியூலாம்மா. இல்லை, வேற மருந்துக்கு மாத்தியிருக்கணும். கை கால் எரிச்சலை வெச்சுத்தான் நாங்க அதை முடிவு பண்ணுவோம். இப்போ எரிச்சல் எண்ணு நேரா கம்ப்யூட்டருக்குப் போகுது, அதுதான் அளவைப் போடுது. உங்க எல்லாருக்கும் பூஜ்யம். அதனால முழு டோஸ்."

"அந்த எண்ணு எதைக் காட்டுது? மடக்கின வலியையா, மடக்கினது போக மூளைக்குப் போய்ச் சேர்ந்த வலியையா?"

"போய்ச் சேர்ந்ததை" என்றார்.

"நல்லாக்கீது டாக்டரம்மா. வாயைப் பொத்திட்டு, சத்தமே வரலைன்னு எழுதிக்கறீங்களா?"

"நான் எழுதிப் பார்த்தேன். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கு நரம்புப் பரிசோதனை கேட்டேன். 'வலி பூஜ்யம், தேவையில்லை'ன்னு கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பிடுச்சு. மேல போய்ச் சொன்னா, இந்தியாவே பார்க்கிற திட்டம், நீங்க ஒரு ஆள் சந்தேகப்பட்டா ஆச்சான்னு கேக்குறாங்க. உங்க டிரிப்ஸை நான் என் பொறுப்புல தள்ளிப்போடுறேன். வார்டு மொத்தத்துக்கும் தள்ளிப்போட எனக்கு அதிகாரம் இல்லை."

அடுத்த டிரிப்ஸ் அந்த வாரக் கடைசியில். மெகருன்னிசாவுக்கும் மற்ற எல்லோருக்கும் முழு அளவு. அதற்குப் பிறகு விரல் திரும்புமா என்று கேட்டேன். "இப்போ நிறுத்தினா ஓரளவு திரும்பலாம். இன்னொரு தடவை ஏறினா என்னால சொல்ல முடியாது" என்றார். அவர் பூசி மெழுகமாட்டார் என்று சொன்னேன் அல்லவா.

கௌசிக்குக்குப் போன் போட்டேன். நான் சொல்வதற்குள் அவனே உற்சாகமாக ஆரம்பித்தான். டிரிப்ஸுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் விழாவாம். சுகாதாரத் துறையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறாராம். எல்லா ஊர்களுக்கும் பிளாஸ்திரி தரப்போகிறார்களாம். மேடையில் நான் அதிகாரியோடு ஒரு போர்டு கேரம் ஆட வேண்டுமாம். "கேன்சர் பேஷன்ட், கேரம் சாம்பியன், வலியே இல்லாம ஆடுறாங்க! சூப்பரா இருக்கும் ஆன்ட்டி."

"தம்பி, விரலு மரத்துப் போச்சுடா. நரம்பு சாவுது."

"அது தற்காலிகம் ஆன்ட்டி. கருவியோட சின்னப் பக்க விளைவு. எடுத்தா சரியாயிடும்." அவன் பொய் சொல்லவில்லை, முழுசாக நம்பினான். அம்மா கத்திய கத்தலைக் காதில் வைத்துக்கொண்டிருப்பவனுக்கு, அமைதியில் ஒரு கோளாறு இருக்கும் என்றால் எப்படிப் புரியும்?

அவனோடு சண்டை போட வாயெடுத்தேன். அதற்குள் ஒரு யோசனை வந்தது. "சரிடா தம்பி, ஆடுறேன்" என்றேன். "ஆனா என் போர்டு, என் பல்பு. வேற வெளிச்சத்துல ஆட மாட்டேன்."

கேரம் போர்டுக்கு மேலே தாழ்வாகத் தொங்குமே தகரக் குடை போட்ட பல்பு, அது. ஊரெல்லாம் எல்.ஈ.டி.க்குப் போனபிறகும் நான் பழைய குண்டு பல்பைத்தான் வைத்திருக்கிறேன். அதன் மஞ்சள் வெளிச்சத்தில்தான் காயினின் ஓரம் எனக்குச் சரியாகத் தெரியும். சாம்பியன் பந்தா என்று நினைத்திருப்பான். நினைத்துக்கொள்ளட்டும்.

விழா வரைக்கும் பிளாஸ்திரியில்லாமல் இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நரகம். படுக்கை விரிப்பு காலில் பட்டால் உயிர் போகும். சற்குணம் ஈரத்துணியோடு என் காலடியிலேயே கிடந்தார். "ஒட்டிக்கோ பியூலா, கெஞ்சிக் கேக்குறேன்" என்று நூறு தடவை சொல்லியிருப்பார். "எனக்கும் ஆசையாத்தான்யா கீது" என்றேன். உண்மையிலேயே ஆசையாகத்தான் இருந்தது. ஆனால், இதுவரை வாயை மூடிக்கொண்டு கெட்டது போதும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது எனக்கு.

விழாவன்று காலையில் போர்டையும் பல்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மேடையில் பல்பை மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தார். "யாரும் தொடாதீங்க, நானே மாட்டுவேன்" என்று ஸ்டூலில் ஏறினேன். சற்குணம் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். காலில் தரையே தெரியாதவளுக்கு ஸ்டூல் தெரியுமா? எப்படியோ மாட்டி இறங்கினேன்.

மேடைக்குப் பின்னால் வார்டுத் திரையைப் போலவே ஒன்று, பத்து மடங்கு பெரிது. எங்கள் எல்லோர் பெயரும் பச்சையாக மின்னின. வார்டுப் பெண்கள் நல்ல புடவை கட்டி, மருதாணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் டாக்டர் நப்பின்னை. கௌசிக் மைக்கில் பேசினான். அம்மாவைப் பற்றிச் சொன்னபோது பாதிக் கூட்டம் கண்ணைத் துடைத்தது, நானும்தான்.

அதிகாரி நல்ல மனிதர், காலேஜில் கேரம் ஆடினேன் என்று சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். காயின்களைக் கலைக்கிற முதல் அடியை, பிரேக்கை, நான் அடித்தேன். ஒவ்வொரு சுண்டலுக்கும் நகக்கண்ணில் நெருப்பு ஏறியது. சிரித்துக்கொண்டே ஆடினேன். கண்ணளவு வைத்தே நாலு காயின் போட்டேன். கைதட்டல். ரெட்டின் முறை வந்தபோது ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"சார், ரெட்டு அப்புறம் போடலாம். இன்னொரு ஆட்டம் காட்டட்டா? சின்ன ஆட்டம்தான். மெகரு, மேல வா."

மெகருன்னிசா குதூகலமாக ஏறி வந்தாள். "கண்ணை மூடிக்க. கையை நீட்டு. நான் ஸ்ட்ரைக்கரால உன் விரலைத் தொடுவேன். தொட்டதும் சொல்லணும். அவ்ளோதான்."

கட்டில்லாத இடது கையை நீட்டினாள். கூட்டம் பார்க்கப் பார்க்க, ஸ்ட்ரைக்கரை அவள் ஆள்காட்டி விரல்மேல் வைத்தேன். அவள் சிரித்தபடி நின்றாள். அழுத்தினேன். நடுவிரல், மோதிர விரல், கட்டை விரல். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினேன்.

"சீக்கிரம் தொடு க்கா" என்றாள் மெகருன்னிசா கண்ணை மூடிக்கொண்டே. "எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

முன்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நான் கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். "ஆங், இப்போ தொட்டே!" என்றாள் அவள்.

கண்ணைத் திறந்து எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னா க்கா? சரியாச் சொல்லலையா?"

கௌசிக் ஓடிவந்து மைக்கைப் பிடித்தான். "சார், இது தற்காலிக மரப்புதான். கருவி போட்டிருக்கிறவரைக்கும் இருக்கும், எடுத்தா போயிடும்."

"அப்போ எனக்குத் தொட்டுப் பாரு தம்பி" என்று ஸ்ட்ரைக்கரை அவன் கையில் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். என் விரல் மருதாணிக்குள் எரிந்துகொண்டிருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"தொட்டுட்டேன் ஆன்ட்டி" என்றான் மெதுவாக. "ஆனா நீங்களும் கருவி போட்டிருக்கீங்க. அதனாலதான்."

"நான் போடல."

முடி கொட்டிய தலையில் கட்டியிருந்த துணியை விலக்கிப் பிடரியைக் கூட்டத்துக்குக் காட்டினேன். வெறும் கழுத்து.

"எடுத்து நாளாவுது தம்பி. மரப்பு போவல. எரிச்சலும் போவல. இதோ இந்த நிமிஷம்கூட ஓன்னு கத்தணும் போல கீது. டாக்டரம்மாவைக் கேளு."

டாக்டர் நப்பின்னை எழுந்து நின்றார். "உண்மைதான் சார். நான் பரிசோதிச்சேன். நரம்பு பாதிக்கப்பட்டிருக்கு. எல்லாருக்கும் பரிசோதனை கேட்டேன், அனுமதி வரலை" என்றார். மைக் இல்லாமலேயே அரங்கம் பூராவும் கேட்டது.

கௌசிக் திரும்பித் திரையைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். பியூலா, வலி பூஜ்யம். பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

"அப்போ... அது எங்கே ஒட்டியிருக்கு?" என்றான். அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது, பாவம்.

நான் கையை உயர்த்தித் தகரக் குடையின் மேல்பக்கத்திலிருந்து பிளாஸ்திரியை உரித்து எடுத்தேன். குண்டு பல்பின் சூட்டில் அது பிள்ளை நெற்றி மாதிரி கதகதப்பாக இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியாதே. அன்றைக்கு வீட்டில் நான் அதைப் பிய்த்துப் போட்டதும் ஆஸ்பத்திரியிலிருந்து போன்மேல் போன். 'கருவி கழன்றுள்ளது, ஒட்டவும், இல்லையேல் திட்டத்தில் பெயர் நீக்கப்படும்.' கோபத்தில் எடுத்துப் பல்புக் குடையில் ஒட்டினேன். 'நன்றி' என்று செய்தி வந்தது. கதகதப்பு இருந்தால் அதற்கு மனுஷி. அதிலிருந்து வீட்டில் அந்த விளக்கை அணைக்கவேயில்லை. வருகிற வழியில் மட்டும் இடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்து, ஸ்டூலில் ஏறியபோது மாற்றினேன்.

"இத்தினி நாளா இந்தப் பல்புக்கு வலியே இல்லையாம் சார்" என்றேன் அதிகாரியிடம். "நாளைக்கு இதுக்கும் முழு டோஸு ஏத்திடுவீங்களா?"

யாரும் கைதட்டவில்லை. மெகருன்னிசா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நீ தொட்டியா க்கா?" என்று கேட்டாள். "தொட்டேன்டி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் யாருக்கும் டிரிப்ஸ் ஏறவில்லை. எல்லோருக்கும் நரம்புப் பரிசோதனை நடந்தது, மருந்து மாறியது. கட்டி இருக்கிறது, அதோடு வாழ்கிறோம். நர்ஸுகள் வார்டுக்குத் திரும்பி வந்து "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்கிறார்கள். மெகருன்னிசா பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அவளுக்கு இடது கையில் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியிருக்கிறது, வலது கைக்கு நேரமாகும் என்கிறார்கள்.

கௌசிக் கொஞ்சகாலம் கண்ணில் படவில்லை. பிறகு ஒருநாள் என் வீட்டுக்கே வந்தான். புதுப் பிளாஸ்திரி கொண்டுவந்திருந்தான். ஓரத்தில் ஒரு குட்டிப் பொத்தான்.

"இது நிறுத்தின வலி எவ்வளவுன்னும் சேர்த்து அனுப்பும் ஆன்ட்டி. பொத்தான் உங்க கையில. போட்டா மடக்கும், அணைச்சா விடும்." தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க இதை இனிமே தொட மாட்டீங்கன்னு தெரியும். காட்டணும்னு தோணுச்சு."

"இங்க கொடுடா" என்று பிடுங்கினேன். "வலி வோணும்னு நான் எப்படா சொன்னேன்? தூங்கி எத்தினி நாளாவுது தெரியுமா?"

ஒட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டு, அவன் எதிரிலேயே பட்டப்பகலில் படுத்துத் தூங்கினேன். எழுந்து பார்த்தால் அவனும் சற்குணமும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேரும் சொதப்பலாக. ரெட் பாக்கெட்டின் வாயில் உட்கார்ந்திருந்தது.

"நவுருங்க" என்றேன்.

பல்பைக் கொஞ்சம் இறக்கினேன். கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய்ப் பொத்தானை அணைத்தேன். எரிச்சல் ஏறி வரும்வரை காத்திருந்தேன். அதற்கு அடியில் எங்கேயோ, ஆள்காட்டி விரலின் ஒரு ஓரத்தில், ஸ்ட்ரைக்கரின் வழவழப்பு லேசாகத் தெரிந்தது.

ரெட்டைப் போட்டேன். ரெட் செல்லுபடியாக அடுத்துப் போடவேண்டிய கவர் காயினையும் போட்டுவிட்டு, பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.